உறுப்பும் தளையும்: வீட்டில் ஆக்கும் விளையாட்டுக் கணினி

கணிப்பது கணினி. கணித்ததைப் படமாக்கி, அப்படத்தைக் குறித்த காலவரைக்குள் கண்முன் நிறுத்தி, ஆடுவோனின் விரல் அசைந்தவுடன் அவ்வசைவையும் உள்வாங்கி அடுத்த படத்தை ஆக்கித் தருவது விளையாட்டுக் கணினி. இவ்விலக்கணத்தில் ‘குறித்த காலவரைக்குள்’ என்னும் தொடரே உயிரானது. ஊதியப் பட்டியலைக் கூட்டும் அலுவலகக் கணினி அரை நொடி தாழ்த்தால் எவரும் அறியார். விளையாட்டுக் கணினி அதில் பத்திலொரு பங்கு தாழ்த்தாலும் விரலுக்கும் கண்ணுக்கும் இடையே பிளவு தோன்றிவிடும். ஆகவே, கணினி வகைகளுள் காலத்தோடு மிக நெருங்கிக் கட்டுண்டு கிடப்பவற்றுள் இதுவும் ஒன்று.

விளையாட்டு என்னும் சொல்லைக் கேட்டதும் இதனைச் சிறுபிள்ளைச் செய்தியாக ஒதுக்குவார் உளர். ஆனால் 1962ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில், இசுட்டீவ் ரசலும் அவர்தம் தோழர்களும் பிடிபி-1 என்னும் கணினியின் வட்டத் திரையில் இரு விண்கலங்களைப் பொரவிட்டு ‘இசுபேசுவார்’ என்னும் ஆட்டத்தை ஆக்கினர். கணினி என்பது விடையை அச்சிட்டுத் தரும் பெட்டி மட்டுமன்று, திரையின்வழி நொடிதோறும் கையாளத்தக்க கருவி என்று காட்டிய தொடக்க ஆக்கங்களுள் அது ஒன்று. விளையாட்டும் கணினியும் உடன் வளர்ந்த பிள்ளைகள்.

இனி உறுப்புகளை வகுத்துக்கொள்வோம். தொழில்வகையால் அவை ஐந்து இனத்தின. எண்ணி முடிவு செய்வது மையச் செயலகம். வரைவது வரைவியல் அட்டை. நினைவில் கொள்வன இரண்டு: மின் உள்ளவரை வைத்திருப்பது நினைவகம், மின் அற்ற பின்னும் வைத்திருப்பது சேமிப்பகம். தாங்கியும் ஊட்டியும் காப்பன தாய்ப்பலகை, மின்வழங்கி, குளிர்விப்பான், கூடு என்னும் நான்கு. காட்டுவது திரை. சென்னை ரிட்சித் தெருவில் இவற்றைப் பிராசசர், கிராபிக்சு கார்டு, ரேம், எசுஎசுடி, மதர்போர்டு, எசுஎம்பிஎசு, கூலர், கேபினட், மானிட்டர் என்றே கேட்டு வாங்குகிறோம். கடைக்காரரும் அப்பெயர்களாலேயே எடுத்து வைக்கிறார். அவ்வழக்கைக் குறைகூற இங்கு இடமில்லை. ஆயினும், வாங்கும்போது வழங்கும் பெயர் வேறு, விளங்கிக்கொள்ள உதவும் பெயர் வேறு. எசுஎம்பிஎசு என்னும் நான்கெழுத்துச் சுருக்கம் தன் தொழிலைத் தானே சொல்வதில்லை. மின்வழங்கி என்றதும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது செய்வது விளங்கிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, தமிழிலேயே நூல்களும் வெளியிட்டார். எலும்பையும் நரம்பையும் அன்று தாங்கிய மொழிக்கு இன்று தாய்ப்பலகை சுமையாகாது.

வகுத்தவற்றைச் சேர்க்கும் நெறி யாது? யாப்பு கற்றோர்க்கு இது புதிதன்று. சீர்கள் ஒவ்வொன்றும் குற்றமற்று நிற்பினும், நின்ற சீரின் ஈறும் வரும் சீரின் முதலும் தம்முள் பொருந்தாவிடின் தளை தட்டும். தளை தட்டிய பாட்டு வெண்பாவாக நில்லாது. கணினி உறுப்புகட்கும் தளை உண்டு, அது மூவகைப்படும். ஓர் உறுப்பு மற்றொன்றன் வாயில் புகுந்து அமர்தல் வடிவுத்தளை. ஒன்று வேண்டும் மின்னை மற்றொன்று குறைவின்றி ஊட்டுதல் மின்தளை. ஒன்றன் விரைவுக்கு மற்றொன்று ஈடுகொடுத்தல் விரைவுத்தளை.

வடிவுத்தளை கண்ணுக்குத் தெரிவது. டிடிஆர்4, டிடிஆர்5 என்னும் இருவகை நினைவகத் தகடுகளுக்கும் தொடுமுனைகள் 288தான். ஆயினும் அடிவிளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றன் பள்ளத்தில் மற்றொன்று இறங்காது. செயலகம் தாய்ப்பலகையில் அமரும் இடம் பொருத்துவாய். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 பொருத்துவாய்க்கு 1331 முனைகள். 2022இல் வந்த ஏஎம்5க்கு 1718. இன்டெலின் 1700 முனைப் பொருத்துவாயில் 1851 முனைச் செயலகம் அமராது. இத்தளை தட்டினால் கையிலேயே தெரிந்துவிடும். கடைக்குத் திரும்பிச் சென்று மாற்றிக்கொள்ளலாம். மின்தளை தட்டினால் கணினி ஆட்டத்தின் நடுவே அணையும். விரைவுத்தளையோ தட்டியும் ஓசை எழுப்பாது. எல்லாம் இயங்கும், விளக்குகள் எரியும், ஆட்டமும் ஓடும். விலையுயர்ந்த ஓர் உறுப்பு விலைகுறைந்த ஓர் உறுப்பின் வரவுக்காக நொடிதோறும் காத்துக் கிடப்பதை மட்டும் எவரும் காணார். பணம் வீணாவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

சென்ற ஆண்டு என் தங்கை மகன், கல்லூரியில் சேர்ந்ததை ஒட்டி, ஒரு விளையாட்டுக் கணினி ஆக்கித்தரக் கேட்டான். “மாமா, இருக்கிற பணத்துக்குப் பெரிய அட்டையா முதல்ல எடுத்துடலாம், மத்ததெல்லாம் மிச்சத்துல பாத்துக்கலாம்” என்பது அவன் எண்ணம். எந்தத் திரையில் ஆடப்போகிறாய் என்று கேட்டேன். வீட்டில் இருக்கும் பழைய திரையைச் சொன்னான். நொடிக்கு 60 முறை மட்டுமே படம் மாற்றும் திரை அது. நொடிக்கு 150 படங்கள் வரையும் அட்டையை அதனோடு பூட்டினால், வரைந்தவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை எவர் கண்ணிலும் படாமல் கழியும். அன்று அவனுக்குச் சொன்ன நெறியையே இங்கும் சொல்கிறேன்: வேலை ஒரு போக்கில் செல்கிறது; தெரிவு அதன் எதிர்ப்போக்கில் செல்லவேண்டும். விரல் அழுத்துகிறது, செயலகம் முடிவு செய்கிறது, அட்டை வரைகிறது, திரை காட்டுகிறது, கண் பெறுகிறது. இது வேலையின் வரிசை. தெரிவு கண்ணில் தொடங்கி, திரை, அட்டை, செயலகம், நினைவகம் எனப் பின்னோக்கி வந்து, அனைத்தும் உண்ணும் மின்னிலும் அனைத்தும் உமிழும் வெப்பத்திலும் முடியவேண்டும்.

திரைக்கு இரண்டு எண்கள் தலையாயவை. ஒன்று படப்புள்ளிகளின் தொகை. மற்றொன்று நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்னும் புதுப்பிப்பு எண், அதாவது எர்ட்சு. 1920க்கு 1080 என்னும் திரையில் ஏறத்தாழ 20.7 நூறாயிரம் புள்ளிகள் உள்ளன. 2560க்கு 1440இல் 36.9 நூறாயிரம், 3840க்கு 2160இல் 82.9 நூறாயிரம். கடைசித் திரைக்கு மாறுவோர் முதல் திரையின் நான்கு மடங்குப் புள்ளிகளுக்கு நிறமூட்டும் உழைப்பைத் தம் அட்டைமேல் ஏற்றுகின்றனர் என்பதை இவ்வெண்களே சொல்லும். தங்கை மகனுக்கு நடுத்திரையைத் தெரிந்தோம். புதுப்பிப்பு 144 எர்ட்சு. நொடியை 144ஆல் வகுத்தால் 6.94 மில்லிநொடி வரும். முன்னர்ச் சொன்ன ‘குறித்த காலவரை’ இதுவே. இனி வாங்கும் ஒவ்வோர் உறுப்பையும் இவ்வெண்ணின்முன் நிறுத்தி, இதற்குள் நீ உன் பங்கை முடிப்பாயா என்று கேட்டாற் போதும்.

இத்திரை நொடிக்கு வேண்டும் புள்ளிகள் 53 கோடி. ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஒளி விழும் கோணம், பரப்பின் இயல்பு, நிழல், தொலைவு ஆகியவற்றைக் கணித்தே முடிவாகிறது. இப்பெருந்தொகையைச் சமாளிக்கும் வழி, ஒரு வல்லவனை அமர்த்துவதன்று. பல்லாயிரவரை ஒரே வேளையில் அமர்த்துவது. ஒரு புள்ளியின் நிறம் பெரும்பாலும் பக்கத்துப் புள்ளிக்குக் காத்திருப்பதில்லையாதலின் இது இயல்வதாகிறது. நாற்று நடவில் நூறு பேர் ஒரே வரிசையில் நின்று குனிந்தால் வயல் ஒரு பகலில் பச்சையாவது போன்றது இது. வரைவியல் அட்டையின் செயலகம் இவ்வாறு பிறந்தது. 1999இல் சியீபோர்சு 256 என்னும் தன் சில்லை, அதாவது சிப்பை, வெளியிட்டபோது ‘வரைவியல் செயலகம்’ என்று பொருள்படும் பெயரை என்விடியா நிறுவனம் பரப்பியது. நாங்கள் தெரிந்த ஆர்டிஎக்சு 4070 சூப்பர் அட்டையில் அத்தகைய கணிப்புக் கருக்கள் 7168. அவற்றைத் தாங்கும் சில் 300 சதுர மில்லிமீட்டருக்கும் குறைந்த பரப்பினது. கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிது எனலாம். அதனுள் 3580 கோடி திரிதடையங்கள். 1971இல் வந்த இன்டெல் 4004 என்னும் நுண்செயலகத்தில் இருந்தவை 2300. திரிதடையம் என்பது மின்னோட்டத்தை விடவும் தடுக்கவும் வல்ல நுண்மதகு. ஆற்றில் மதகைத் திறந்து மூடி நீரை ஆண்ட அதே கருத்து, மணலினின்று பிரித்த சிலிக்கானில், இத்தனை கோடி இடங்களில் நின்று எண்ணை ஆள்கிறது.

அட்டையைத் தெரிவோர் பெரும்பாலும் கருக்களின் தொகையையே பார்க்கின்றனர். அட்டைமேலுள்ள தனி நினைவகத்தை நான் அதற்கு இணையாக வைப்பேன். ஆட்டத்தில் காணும் சுவரின் காரை, மரத்தின் பட்டை, ஆடையின் நெசவு ஆகியவை முக்கோணங்களால் கட்டிய வெற்றுடல்மேல் போர்த்திய படங்கள். இவற்றைப் போர்வைப்படம் என்று வழங்கலாம். இவை அட்டையின் நினைவகத்திலேயே இருக்கவேண்டும். எங்கள் அட்டையின் கருக்களுக்கும் அதன் நினைவகத்துக்கும் இடையே நொடிக்கு 504 கிகாபைட்டு பாய்கிறது. நினைவகம் நிரம்பி வழிந்தாலோ, மிஞ்சியவற்றைத் தாய்ப்பலகையின் நினைவகத்தினின்று அழைத்துவர வேண்டும். அப்பாதை நான்காம் தலைமுறையினதாய், அதன் பதினாறு தடங்களும் முழுமையாக இருந்தாலும், ஒரு போக்கில் நொடிக்கு ஏறத்தாழ 32 கிகாபைட்டுதான். பதினாறில் ஒரு பங்கு. நாற்பது அடிச் சாலை திடீரென்று ஒற்றையடிப் பாதையாவது போல ஆட்டம் அவ்விடத்தில் திக்கித் திக்கி நிற்கும். நூறு படங்கள் என்று காட்டும் எண் அழகாகவே இருக்கும். கண்ணுக்கு மட்டும் இடறல் தெரியும். ஆகவே புதிதாக வாங்குவோர் 2560க்கு 1440 திரைக்கு 12 கிகாபைட்டுக்குக் குறைந்த அட்டையைக் கொள்ளவேண்டாம் என்பது என் துணிபு. 8 கிகாபைட்டு அட்டைகள் சிறிய திரைக்கும் பழைய ஆட்டங்களுக்கும் போதும். வரும் ஆண்டுகளின் ஆட்டங்களுக்கு அவை இறுக்கமான சட்டை.

அட்டை வரைபவன் எனில், எதை வரையவேண்டும் என்று சொல்பவன் மையச் செயலகம். பகைவன் எங்கு நிற்கிறான், அம்பு எவ்வழி பறக்கிறது, கதவு திறந்ததா என்பனவற்றை முடிவு செய்து, வரைபட்டியலை அட்டையிடம் தருவது அதன் பணி. இங்குப் பல்லாயிரம் கைகள் உதவா. அம்பு பட்டதா என்று தெரிந்த பின்னரே பகைவன் வீழ்வதைக் கணிக்க இயலும். ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லவேண்டிய கணிப்புகள் இவை. சீன் அம்டால் 1967இல் எடுத்துரைத்த நெறி இதனை எண்ணால் காட்டுகிறது: ஒரு பணியில் பத்திலொரு பங்கு பிரிக்கவொண்ணாதது எனில், எத்தனை ஆயிரம் கைகளைச் சேர்த்தாலும் பணி பத்து மடங்குக்கு மேல் விரையாது. செயலகத்துள் தனித்தனியே கணிக்கும் பகுதி உள்ளகம் எனப்படும். எனவே விளையாட்டுக்கு வேண்டுவது பல உள்ளகங்கள் கொண்ட செயலகத்தைவிட, விரைந்த உள்ளகங்கள் கொண்ட செயலகம். ஆறு அல்லது எட்டு உள்ளகங்கள் போதும். பதினாறு உள்ளகங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு அட்டையில் குறைப்பது, விளையாடுவதற்கென்றே கணினி ஆக்குவோர்க்குப் பொருந்தாத் தெரிவு.

அவ்வுள்ளகங்களின் விரைவை உணர ஓர் அளவு சொல்கிறேன். 5 கிகா எர்ட்சில் துடிக்கும் செயலகத்தில் ஒரு துடிப்பு 0.2 நானோநொடி. அதற்குள் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் செல்லும், சுண்டுவிரலின் நீளம். நினைவகத் தகடுகளைச் செயலகத்தின் அருகே ஒட்டி நட்டிருப்பது ஏன் என்பது இதனால் விளங்கும். அவ்வளவு அருகிருந்தும், கேட்ட தரவு நினைவகத்தினின்று வந்து சேர்வதற்குள் நூற்றுக்கணக்கான துடிப்புகள் கழிந்துவிடுகின்றன. ஆதலின் செயலகத்தின் உள்ளேயே அண்மை நினைவகம் என ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் அடுக்களை அஞ்சறைப்பெட்டியேதான் அது. கடுகும் சீரகமும் அடுப்புக்கருகே கையெட்டும் பெட்டியில், மூட்டை பரண்மேல், அதுவும் தீர்ந்தால் கடைக்கு ஓடவேண்டும். அண்மை நினைவகம் பெட்டி, நினைவகம் பரண், சேமிப்பகம் கடை. தாளிக்கும் வேளையில் பரணேறுவோர் உளரோ? 2022இல் ஏஎம்டி தன் 5800எக்சு3டி செயலகத்தில் ஒரு சில்லின்மேல் இன்னொரு சில்லை அடுக்கி இப்பெட்டியை 32இலிருந்து 96 மெகாபைட்டாகப் பெருக்கியது. துடிப்பு விரைவு சற்றுக் குறைந்திருந்தும் பல ஆட்டங்களில் அது முந்திச் சென்றது, பரணேறும் முறைகள் குறைந்தமையால். பணம் உள்ளோர் அவ்வகையின் பின்வந்த 7800எக்சு3டி போன்றவற்றைக் கொள்ளலாம். நாங்கள் ரைசன் 5 7600 கொண்டோம்: ஆறு உள்ளகங்கள், 32 மெகாபைட்டு அண்மை நினைவகம். 6.94 மில்லிநொடிக்குள் பெரும்பாலான ஆட்டங்களில் அது தன் பட்டியலை எழுதி முடித்துவிடும்.

நினைவகத்தில் கடைக்காரர்கள் சொல்லும் எண் பெரும்பாலும் ஒன்றே, பார்க்கவேண்டியவை இரண்டு. டிடிஆர்4இல் 3200, டிடிஆர்5இல் 6000 என்பன பாய்வின் எண்கள். தகட்டின்மேல் 16 என்றோ 30 என்றோ அச்சிட்டிருக்கும் இன்னொரு சிற்றெண், கேட்ட தரவு புறப்படுவதற்குள் கழியும் துடிப்புகளின் தொகை. 3200க்கு 16 எனில் காத்திருப்பு 10 நானோநொடி. 6000க்கு 30 எனினும் அதே 10 நானோநொடி. ஒரு தலைமுறை கடந்தும் காத்திருப்பு குறையவில்லை. புறப்பட்ட பின் பாயும் அகலமே பெருகிற்று. இரண்டு தகடுகளை இரு தடங்களில் இட்டால் முன்னதில் நொடிக்கு 51.2, பின்னதில் 96 கிகாபைட்டு. 6000 என்று போட்டுச் சிற்றெண் 40 ஆக உள்ள தகட்டை விலை குறைவென்று வாங்கினால் காத்திருப்பு 13 நானோநொடியைத் தாண்டிவிடும். பதினாறு கிகாபைட்டுத் தகடுகள் இரண்டு போதும்; எண்ணிக்கை இரண்டாக இருக்கவேண்டும் என்பதை மறவற்க. 32 கிகாபைட்டை ஒரே தகடாக வாங்குவோர் பாய்வில் பாதியை இழக்கின்றனர்.

தாய்ப்பலகையைப் பற்றிப் பலரும் மிகையாகவே பேசுகின்றனர். பொருத்துவாய் பொருந்த வேண்டும், செயலகத்துக்கு மின்னூட்டும் சீராக்கிகளின்மேல் வெப்பம் கடத்தும் மாழைக்கட்டி இருக்கவேண்டும், வேண்டிய வாயில்கள் இருக்கவேண்டும். அதற்கு மேற்பட்ட ஒளியலங்காரத்தால் ஒரு படம்கூட விரைந்து வராது. ஏஎம்5 வாய்க்கு 2027 வரையேனும் புதிய செயலகங்கள் தருவதாக அந்நிறுவனம் அறிவித்திருப்பதால், பின்னாளில் பலகையை மாற்றாமல் செயலகத்தை மட்டும் மாற்ற வழியுண்டு. சேமிப்பகமும் இன்று எளிய தெரிவு. உருளும் தட்டுகளில் ஊசி தேடிச் செல்லும் பழைய வன்தட்டில் ஒரு தேடலுக்குப் பத்து மில்லிநொடி அளவில் ஆகும், நம் 6.94ஐ அது தேடலிலேயே தின்றுவிடும். தோசிபாவில் புசியோ மசுவோக்கா 1980களில் ஆக்கிய அழிவிலா மின் நினைவகத்தின் வழிவந்த திண்மச் சேமிப்பகத்துக்கு உருளுவதும் இல்லை, தேடிச் செல்வதும் இல்லை. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள எம்.2 தகடு ஒன்று, 1000 கிகாபைட்டு, நான்காம் தலைமுறைத் தடம், அவ்வளவே.

மின்வழங்கியைக் கடைசியில் மிஞ்சிய பணத்தில் வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். அப்பழக்கத்துக்கு நான் ஒரு தாய்ப்பலகையைப் பறிகொடுத்தவன். சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மின்வழங்கியின் மேலட்டையில் 500 வாட்டு என்று பெரிதாக எழுதியிருந்தது. ஓராண்டு முடியுமுன், கோடை இரவொன்றில், கரிந்த மணத்தோடு அது அணைந்தது. பலகையையும் உடன் கொண்டுபோயிற்று. பழுதுபார்ப்பவர் அதே மேலட்டையின் கீழிருந்த சிறு கட்டத்தைக் காட்டினார். 12 வோல்ட்டு வரியில் 20 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டை இருபதால் பெருக்கினால் 240 வாட்டு. செயலகமும் அட்டையும் உண்பது அவ்வரியிலிருந்துதான்; ஏனைய வரிகளின் எண்களையெல்லாம் கூட்டிக் காட்டியதே அந்த 500. நல்ல 650 வாட்டு வழங்கியின் 12 வோல்ட்டு வரி 54 ஆம்பியர் அளவில் இருக்கும். வாங்குமுன் பெட்டியைத் திருப்பி அக்கட்டத்தைப் படியுங்கள்.

எங்கள் கணக்கு இவ்வாறு: அட்டை 220 வாட்டு, செயலகம் மிகுந்தால் 88, பலகை, நினைவகம், விசிறிகள் முதலியன 50 அளவில். கூட்டினால் ஏறத்தாழ 360. ஆயினும் 650 கொண்டோம். அட்டைகள் மில்லிநொடி அளவில் தம் அளவைக் கடந்து மின்னை இழுக்கும் இயல்பின. அவ்விழுப்பைத் தாங்க இடம் வேண்டும். அன்றியும், வழங்கிகள் தம் முழுத்திறனில் பாதியளவு உழைக்கும்போதே குறைந்த இழப்போடு உழைக்கின்றன. பொன் என்னும் திறன்சான்று பெற்ற வழங்கி, சுவரினின்று வாங்கும் நூற்றில் தொண்ணூறு அளவிலேனும் உறுப்புகளுக்குத் தரும். 360 தருவதற்கு 400 வாங்குகிறது. எஞ்சிய 40 அதனுள்ளேயே வெப்பமாகிறது. சுவர்ச்செருகியின் மூன்றாம் முனைக்குரிய நிலத்தொடுப்பு வீட்டில் சரியாக இருக்கிறதா என்பதையும் மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிடுக.

உண்ட மின்னெல்லாம் என்னவாகிறது? ஆட்டமாகவோ படமாகவோ அது எங்கும் சேர்வதில்லை. 400 வாட்டும் முடிவில் வெப்பமாகி அறைக்குள் இறங்குகிறது. ஒரு டன் குளிரூட்டி என்பது ஒரு டன் பனிக்கட்டி ஒருநாள் முழுதும் உருகி ஈர்க்கும் வெப்பத்தை ஈர்க்க வல்லது. வாட்டில் சொன்னால் ஏறத்தாழ 3500. ஆகவே இக்கணினி அக்குளிரூட்டியின் உழைப்பில் ஒன்பதில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. குளிர்நாட்டார் எழுதும் ஆய்வுரைகளில் அறைவெப்பம் இருபத்தோரு பாகை அளவில் இருக்கும். கத்திரி வெயிலில் நம் அறை முப்பத்தாறு. குளிர்விப்பான் அறையைவிடக் குளிர்விக்க இயலாது. அறைக்கு மேல் எத்தனை பாகை ஏறுகிறது என்பதையே அது ஆள்கிறது. அங்கு 70 பாகையில் நின்ற சில் இங்கு 85இல் நிற்கும். எனவே அவர்கள் போதும் என்று சொல்லும் குளிர்விப்பானுக்கு ஒரு படி மேலானதை நாம் கொள்ளவேண்டும்.

அக்குளிர்விப்பானின் செம்புக் குழல்களை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். கெட்டிச் செம்பு என்று தோன்றும். உள்ளே வெற்றிடமும் சிறிதளவு நீரும். சில்லின்மேல் அமர்ந்த முனையில் நீர் ஆவியாகி, மறுமுனைக்கு விரைந்து, விசிறிக்காற்றில் குளிர்ந்து மீண்டும் நீராகி, உட்சுவரின் நுண்துளைகளின்வழி திரும்பி வருகிறது. கடலும் முகிலும் மழையும் ஆறும் செய்யும் அதே சுற்று. 1963இல் அமெரிக்காவின் லாசு அலமாசு ஆய்வகத்தில் குரோவர் ஆக்கிக் காட்டிய அமைப்பு இது.

வெப்பத்தை அகற்றுவதினும் உண்டாக்காமை நன்று. சில் உண்ணும் மின்திறன், துடிப்பு எண்ணோடு நேராகவும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறும் என்பது இயற்பியல். அழுத்தத்தை நூற்றுக்குப் பத்து குறைத்தால், துடிப்பு மாறாதிருக்க, திறன் நூற்றுக்குப் பத்தொன்பது குறையும். அட்டைகளும் செயலகங்களும் ஆலையிலிருந்து சற்றே மிகையான அழுத்தத்தோடு வருவதால், அமைப்புகளில் சிறிது சிறிதாகக் குறைத்து, ஆட்டம் நிலைத்து ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்துவது நம் வெயிலுக்கு ஏற்ற பணி. கூட்டுக்கு முன்புறம் வலைத்துளை இருக்கட்டும். கண்ணாடியால் மூடிய முகப்பு காற்றை மறிக்கும். முன்னே இரண்டு விசிறி உள்ளிழுக்க, பின்னே ஒன்று வெளித்தள்ள. மூன்று திங்களுக்கு ஒருமுறை தூசு தட்டுக.

தெரிந்தவற்றையெல்லாம் உணவு மேசைமேல் பரப்பி, ஒரு ஞாயிறு மாலை நானும் தங்கை மகனும் அமர்ந்தோம். கையிலுள்ள நிலைமின் கழிய, கூட்டின் மாழைச்சட்டத்தைத் தொட்டபின் தொடங்கினான். செயலகத்தின் மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தைப் பொருத்துவாயின் முக்கோணத்தோடு நேர்வைத்து இறக்கினான். அழுத்தாமல் தானே அமர்ந்தது. நெம்புகோலை இறக்கும்போது முறுகும் ஓசை கேட்டுக் கையை எடுத்துவிட்டான். அது அப்படித்தான் ஓசையிடும், இறக்கு என்றேன். வெப்பக் களிம்பு பட்டாணி அளவு. நினைவகத் தகடுகள் செயலகத்திலிருந்து எண்ணிவரும் இரண்டாம், நான்காம் பள்ளங்களில். அட்டையின் பதினாறு முனை மின்செருகியை இறுதிவரை அழுத்தி, இடுக்கு விழுந்த ஓசை கேட்டபின், மீண்டும் ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். 2022இன் இறுதியில் இவ்வகைச் செருகிகள் சில உருகியது உலகறிந்த செய்தி. முழுதும் புகாமல் நின்றமை அதற்குச் சொல்லப்பட்ட தலையாய ஏது.

பொத்தானை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன, திரை இருண்டே இருந்தது. ஒரு மணித்துளி, இரண்டு மணித்துளி. “மாமா, ஏதோ போயிடுச்சு” என்று கம்பியைப் பிடுங்கப் போனான், தடுத்தேன். டிடிஆர்5 தகடுகளோடு முதன்முதல் எழும் பலகை, ஒவ்வொரு தடத்திலும் துடிப்பு எந்நேரத்தில் வந்து சேர்கிறது என்று தானே அளந்து பழகிக்கொள்கிறது. அதற்குச் சில மணித்துளிகள் ஆகும். அவ்வேளையில் மின்னை அணைக்கலாகாது. நான்காம் மணித்துளியில் திரையில் எழுத்து வந்தது.

எழுத்து வந்ததோடு பணி முடிந்துவிடவில்லை. திரைக்கம்பியை வரைவியல் அட்டையின் வாயில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இச்செயலகத்துக்குள்ளும் சிறு வரைவகம் இருப்பதால் தாய்ப்பலகையின் வாயில் செருகினாலும் படம் வரும், ஆட்டம் மட்டும் நகராது. அடிப்படை அமைப்பில், நினைவகத்தை அதன் குறித்த விரைவில் ஓட்டும் எக்சுபோ என்பதை இயக்கினாலன்றி 6000 நினைவகம் பெரும்பாலும் 4800இலேயே ஓடும். புதிய திரைகளும் பல வேளைகளில் 60 எர்ட்சிலேயே தொடங்கும். காட்சியமைப்புக்குச் சென்று அதனை 144 ஆக்கிவிடுங்கள்.